எந்த மோசடியைச் சொல்கிறீர்கள்? – தாய்லாந்துக் குடும்பம் ஒன்றின் லைன் குழுவில் கழிந்த தேர்தல் காலங்கள்

தாய்லாந்தில் வாட்ஸ்அப்பை அதிகம் பேர் பயன்படுத்துவதில்லை. வீடு, அலுவலகம், பள்ளி, அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாவற்றுக்கும் லைன் செயலிதான். என் மனைவியின் குடும்பத்துக்கும் ஒரு லைன் குழு இருக்கிறது. திங்கட்கிழமை மஞ்சள் பூ, செவ்வாய்க்கிழமை இளஞ்சிவப்புப் பூ என்று அந்தந்தக் கிழமைக்கு உரிய நிறத்தில் பெரியவர்கள் காலை வணக்கப் படங்களை அனுப்புவார்கள். தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் அதே பெரியவர்களும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் நாட்டுக்குத் துரோகம் செய்பவர்களாகவும் மூளையற்றவர்களாகவும் சித்திரிக்கும் காணொளிகளை அனுப்பத் தொடங்குவார்கள். நடுவில் யாராவது மாம்பழ விலையைப் பற்றி எழுதினால் பதில் வராது.

நான் இரத்தினக் கல் வியாபாரத்துக்காக பாங்காக்கின் மஹேசக் சாலைப் பக்கம் வந்து, கோன் கேன் மாகாணத்துப் பெண்ணை மணந்து, இங்கேயே தங்கிவிட்டவன். தாய்லாந்து மொழியில் படிக்கவும் எழுதவும் தெரியும், வாக்குரிமை கிடையாது. எந்தக் கட்சி வென்றாலும் எனக்கு விசா புதுப்பிக்கும் வரிசை ஒன்றுதான் என்பதால், இரு தரப்பினரும் என்னிடம் வந்து தனித்தனியாகப் புலம்புவார்கள். அப்படிக் கேட்டுக்கேட்டு எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். "தேர்தலில் மோசடி நடந்தது" என்று இந்த நாட்டில் ஒருவர் சொல்லும்போது, எண்ணிக்கையைச் சொல்கிறாரா, விதிகளைச் சொல்கிறாரா, முடிவு வந்த பிறகு நடந்ததைச் சொல்கிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் தொடங்கிய விவாதம் எதுவும் எங்கள் குழுவில் நல்லபடியாக முடிந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று விதமான மனத்தாங்கல் உண்டு. என் மாமனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இங்கே ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும்தான் பெரும்பாலும் வாக்குச்சாவடி அலுவலர்கள். அவரும் பல தேர்தல்களில் அந்த வேலையைப் பார்த்தவர். 2006 ஏப்ரல் தேர்தலில் வாக்களிக்கும் மறைப்புகளைத் திருப்பி வைக்கும்படி உத்தரவு வந்ததையும், வாக்காளரின் முதுகு வெளியே தெரியும்படி அவற்றை வைத்ததையும் இன்றும் விவரமாகச் சொல்வார். அரசியல் சாசன நீதிமன்றம் மே மாதத்தில் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்தபோது, அந்த மறைப்புகளால் வாக்கின் இரகசியம் கெட்டது என்பதும் ஒரு காரணமாக இருந்தது. செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2008 டிசம்பரில் அவர் வாக்களித்த கட்சி கலைக்கப்பட்டது. 2014 பிப்ரவரி 2 தேர்தல், நாடு முழுவதும் ஒரே நாளில் நடக்கவில்லை என்ற காரணத்தால் செல்லாமல் போனது. தெற்கே 28 தொகுதிகளில் போராட்டக்காரர்கள் வேட்புமனுவையே தாக்கல் செய்ய விடாமல் தடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு மே 22 அன்று மறுபடியும் ராணுவம் வந்தது. "நான் போட்ட வாக்கை எண்ணுவதில் யாரும் தவறு செய்யவில்லை, எண்ணி முடித்த பிறகுதான் தூக்கி எறிந்தார்கள்" என்பார்.

மனைவியின் பெரியம்மா பாங்காக்கின் தோன்புரிப் பக்கத்தில் வசிப்பவர். 2013 இறுதியில் அன்றைய அரசுக்கு எதிராக சுதேப் தாவ்க்சுபன் தலைமையில் நடந்த போராட்டத்தில் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு தெருவில் நின்றவர். அவருக்கு மோசடி என்றால் வாக்குச் சாவடிக்கு வருவதற்கு முன்பே, கிராமத்தில், முந்தைய இரவில், தரகர் கொடுக்கும் ஐந்நூறு பாட் நோட்டில் நடந்து முடிந்துவிடுவது. வடகிழக்கு மாகாணங்களில் பணத்துக்குத்தான் வாக்கு விழுகிறது என்று அவர் எழுதும் ஒவ்வொரு முறையும், அதே பகுதியைச் சேர்ந்த தங்கையின் கணவரும், அதாவது என் மாமனாரும், அந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை மறந்துவிடுவார். பணம் கொடுக்கப்படுவதை என் மாமனாரும் மறுக்கவில்லை. மூன்று பேரிடம் வாங்கிக்கொண்டு, பொது மருத்துவத் திட்டம் கொண்டுவந்த கட்சிக்கு வாக்களித்தவர்களைத் தனக்குத் தெரியும் என்பதே அவர் பதில்.

மைத்துனர் மகன் தன் முதல் வாக்கை 2019இல் போட்டான். அவன் ஆதரித்த புதிய கட்சி 2020 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டு மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது அவனும் வந்தான். அக்டோபர் இறுதியில், சீலோம் சாலையில் நம் மாரியம்மன் கோயில் முன்னே சிவப்புக் கம்பளம் விரித்து இளைஞர்கள் நடத்திய ஆடை அணிவகுப்புப் போராட்டத்தைக் கடை அடைத்துவிட்டு நானும் ஓரமாக நின்று பார்த்தேன். கூட்டத்தில் அவன் இருந்ததை அன்றிரவு குழுவில் வந்த படத்திலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தை அனுப்பியவர் பெரியம்மா.

எண்ணிக்கையைக் குறித்து எங்கள் குழுவில் நடந்த பெரிய சண்டை 2019 மார்ச் 24 தேர்தலைப் பற்றியது. அன்றிரவு வாக்குப்பதிவு ஏறத்தாழ 66 சதவீதம் என்று சொன்ன தேர்தல் ஆணையம், சில நாட்கள் கழித்து 74.69 சதவீதம் என்று சொன்னது. முடிவுகளை வெளியிடுவது பாதி வழியில் நின்றது. நியூசிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட 1,500க்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் உரிய நேரத்தில் எண்ணும் இடத்துக்கு வந்து சேராததால் எண்ணப்படவே இல்லை. கட்சிகள் பெற்ற மொத்த வாக்குகளைக் கொண்டு தரப்படும் பட்டியல் இடங்களைப் பகிரும் கணக்கு எப்படி என்பதைத் தேர்தல் முடிந்த பிறகும் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். மே 8 அன்று இறுதிப் பட்டியல் வந்தபோது, ஓர் இடத்துக்குத் தேவையான ஏறத்தாழ 71,000 வாக்குகளை எட்டாத சிறு கட்சிகள் பதினொன்றுக்குத் தலா ஓர் இடம் கிடைத்திருந்தது. அதிகத் தொகுதிகளில் வென்ற, மாமனார் ஆதரித்த பூவா தாய் கட்சிக்குப் பட்டியல் இடம் ஒன்றுகூட இல்லை.

இவற்றில் நியூசிலாந்துச் சீட்டுகள் நிர்வாகக் கோளாறு. சதவீதம் மாறியது, முழுமையடையாத தகவலை அவசரமாக அறிவித்ததால் வந்த குழப்பம் என்று ஆணையம் சொன்னது. அதை நம்புவதும் நம்பாததும் ஆணையத்தின் மேல் ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் மதிப்பைப் பொறுத்தது. பதினொரு சிறு கட்சிகளின் கணக்கு விதியைப் பற்றிய சிக்கல். 250 மேலவை உறுப்பினர்களை ராணுவ ஆட்சியே தேர்ந்தெடுக்க வழிசெய்து, பிரதமரைத் தேர்வு செய்யும் வாக்கையும் அவர்களுக்குக் கொடுத்திருந்தது 2017 சாசனம்; அது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்த ஏற்பாடு, அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆனால் எங்கள் குழுவில் இவை அனைத்தும் ஒரே குற்றச்சாட்டாகக் கலந்துவிட்டன. மைத்துனர் மகன் மேலவையைப் பற்றிக் கோபப்பட்டால் பெரியம்மா சாவடி அலுவலர்களின் நேர்மைக்குச் சான்று கூறுவார். அவர் பணப் பட்டுவாடாவைப் பற்றிப் பேசினால் அவன் நியூசிலாந்தை இழுப்பான். இருவர் சொல்வதிலும் உண்மை இருந்தது. ஒருவர் கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். யாராவது ஒரு செய்தியை அனுப்பினால் குழுவில் பதில் எழுதுவதில்லை. தொலைபேசியில் அழைத்து, "இது எண்ணுவதற்கு முன்னால் நடந்ததா, எண்ணும்போதா, எண்ணிய பிறகா?" என்று கேட்பேன். பலர் முன்னால் திருத்தப்படுவதைப் பெரியவர்கள் இங்கே மன்னிப்பதில்லை. முகம் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். தனியாகப் பேசினால் பெரியம்மா வியப்பூட்டும் அளவுக்கு நியாயமானவர். தேதியைச் சோதிக்க அவருக்கு நான் கற்றுக்கொடுத்த வழி மிகச் சிறியது: தாய்லாந்தின் பௌத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். வாக்குப்பெட்டிகளை இரவில் வண்டியில் ஏற்றும் காணொளி ஒன்றை அவர் 2023 தேர்தலின்போது அனுப்பினார். நிறுத்திப் பார்த்தால் பின்னால் தொங்கிய பதாகையில் 2557 என்று இருந்தது. அது 2014, அவரே சாவடிகளை முற்றுகையிட்ட கூட்டத்துக்கு ஆதரவாக நின்ற ஆண்டு. அவர் சிரித்துவிட்டு அழித்தார். அழித்ததைக் குழுவில் நான் சொல்லவில்லை, மைத்துனர் மகனிடமும் சொல்லவில்லை.

2023 மே 14 தேர்தலுக்கு நாங்கள் கோன் கேன் போனோம். குடும்பப் பதிவேட்டில் பெயர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வாக்கு என்பதால் மனைவியும் மைத்துனர் மகனும் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு வாரம் முன்னதாக, மே 7 அன்று வெளியூர் வாக்காளர்களுக்கு நடந்த முன்கூட்டிய வாக்குப்பதிவில், சீட்டை வைக்கும் உறையின் மேல் தொகுதிக் குறியீட்டைத் தவறாக எழுதினார்கள் என்றும் எழுதாமலே விட்டார்கள் என்றும் நாடெங்கும் புகார் கிளம்பியிருந்தது. தேர்தல் ஆணையம் எதற்காக இருக்கிறது என்று கேட்கும் ஹேஷ்டேக் அன்று முழுவதும் முன்னணியில் நின்றது. அவனுடைய நண்பர்கள் சிலரின் உறைகளும் அப்படித்தான் என்பதால், இறுதி நாளில் எண்ணிக்கையைக் கண்காணிக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்துகொள்வது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

முந்தைய நாள் மாலை ஆறு மணியிலிருந்து மது விற்பனைக்குத் தடை. ஊர் வழக்கத்தைவிட அடங்கிக் கிடந்தது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை வாக்குப்பதிவு. ஊதா நிறச் சீட்டு தொகுதி வேட்பாளருக்கு, பச்சை நிறச் சீட்டு கட்சிக்கு. ஊதாச் சீட்டில் பெயரோ சின்னமோ இல்லை, வெறும் எண்கள்தான். வேட்பாளரின் எண்ணும் அவருடைய கட்சியின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், மாமனாரின் வயதை ஒத்தவர்கள் உள்ளங்கையில் எழுதிவைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். இது சூழ்ச்சியா, அக்கறையின்மையா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. படித்தவர்கள் உட்கார்ந்து வடிவமைத்த சீட்டில் கிழவர்களை எண்களோடு மல்லுக்கட்ட வைத்ததை மட்டும் சந்தேகமின்றிக் குறை சொல்வேன். குறியிட்ட சீட்டைப் படம் எடுப்பது குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உற்சாகத்தில் கைபேசியைத் தூக்கும் இளைஞர்களை வாசலிலேயே எச்சரித்தால் பல தொல்லைகள் மிச்சம்.

ஐந்து மணிக்குப் பிறகு நடந்ததைத்தான் நான் ஒவ்வொருவரிடமும் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். தேர்தல் நாளன்று வாக்கு விழுந்த பெட்டியை எண்ணுவதற்காகத் தாய்லாந்தில் வேறு எங்கும் கொண்டுபோவதில்லை. அந்தந்தச் சாவடியிலேயே, பொதுமக்கள் பார்க்க, எண்ணுகிறார்கள். அலுவலர் ஒருவர் சீட்டை விரித்து உயர்த்திக் காட்டி எண்ணைச் சொல்கிறார். பலகை அருகே நிற்பவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு ஒரு கோடு போடுகிறார். ஐந்து கோடுகள் சேர்ந்தால் ஒரு கட்டு. கயிற்றுக்கு வெளியே யார் வேண்டுமானாலும் நிற்கலாம், வேலையைத் தடுக்காமல் பலகையைப் படம் எடுக்கலாம். குறி கட்டத்துக்கு வெளியே போன சீட்டு செல்லாது என்று அலுவலர் சொன்னபோது, கூட்டத்திலிருந்து ஒரு பாட்டி "இன்னொரு முறை காட்டுங்கள்" என்றார்; காட்டினார்கள். முடிவில் மொத்தக் கணக்கை எழுதிய படிவத்தைச் சாவடியிலேயே ஒட்டினார்கள். வாக்களித்தவர் எண்ணிக்கை, செல்லுபடியான சீட்டு, செல்லாத சீட்டு, யாருக்கும் வாக்களிக்க விரும்பாதோர் சீட்டு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க அந்த ஒரு தாள் போதும்.

மாமனார் என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் விளக்கினார். ஊதாவும் பச்சையும் தனித்தனியாகக் கூட்டப்படுகின்றன. களைப்பில் ஒரு கட்டு கூடவோ குறையவோ போடுவது எல்லாத் தேர்தலிலும் நடக்கிறது. படிவத்துக்கும் பலகைக்கும் வேறுபாடு வந்தால் பலகையின் படம்தான் சாட்சி என்றார். மைத்துனர் மகன் பலகையையும் படிவத்தையும் படம் எடுத்துத் தன்னார்வலர்களின் தளத்தில் ஏற்றினான். தாத்தாவும் பேரனும் வெவ்வேறு கட்சிக்காரர்கள். ஆனால் ஏழாம் எண்ணுக்கு விழுந்த ஒரு கோட்டை எட்டாம் வரிசையில் போட்டபோது இருவரும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தார்கள். அலுவலர் உடனே திருத்தினார். நாடு முழுவதும் 95,000 அளவில் சாவடிகள். இப்படி நிற்க ஆள் இருக்கும் இடத்தில் எண்ணிக்கையில் பெரிய தில்லுமுல்லு செய்வது கடினம் என்று அன்று எனக்கு உறுதியானது. ஆள் இல்லாத சாவடிகளைப் பற்றி அந்த உறுதி கிடையாது.

அந்தத் தேர்தலில், மைத்துனர் மகன் ஆதரித்துக் கலைக்கப்பட்ட கட்சியின் தொடர்ச்சியான மூவ் ஃபார்வர்ட் கட்சி 151 இடங்களையும் பூவா தாய் 141 இடங்களையும் வென்றன. வாக்குப்பதிவு 75 சதவீதத்தைத் தாண்டியது. பாங்காக்கின் 33 தொகுதிகளில் 32ஐ மூவ் ஃபார்வர்ட் எடுத்துக்கொள்ள, லாட் கிராபாங் தொகுதியில் மட்டும் பூவா தாய் வேட்பாளர் 4 வாக்கு வித்தியாசத்தில் தப்பினார். அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று மைத்துனர் மகன் குழுவில் எழுதினான். "நாலு வாக்கும் வாக்குதான். எந்தச் சாவடி என்று சொல்லு, பலகைப் படம் இருந்தால் போடு" என்று தாத்தா பதில் போட்டார். அவனிடம் படம் இல்லை. பேச்சு அத்தோடு நின்றது. பெரியம்மாவோ தோல்வியை ஏற்றுக்கொண்டார். எண்ணிக்கையை அவர் குறை சொல்லவில்லை. அமெரிக்கா பின்னாலிருந்து இளைஞர்களை ஆட்டுவிக்கிறது என்று அந்த மாதங்களில் பரவிய கதையைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். அதற்குச் சாவடிப் பலகை எதுவும் கிடையாது என்பதால் அந்தக் கதை இன்னும் எங்கள் குழுவில் உலவுகிறது.

ஜூலை 13 அன்று நடந்த பிரதமர் தேர்வில் மூவ் ஃபார்வர்டின் தலைவர் பிதா லிம்ஜரோன்ராட்டுக்கு இரு அவைகளிலும் சேர்த்து 324 வாக்குகளே கிடைத்தன. மேலவையிலிருந்து வந்தவை அவற்றில் 13 மட்டும். ஆகஸ்ட் 22 அன்று, 2006இல் ராணுவத்தால் பதவியிழந்த முன்னாள் பிரதமர் தக்சின் நாடு திரும்பிய அதே நாளில், ராணுவச் சார்புள்ள கட்சிகளையும் கூட்டணியில் சேர்த்துக்கொண்ட பூவா தாயின் ஸ்ரேத்தா தவிசின் பிரதமரானார். அதுவரை பெரியம்மாவுக்கு எதிராக ஒரே அணியில் நின்ற தாத்தாவும் பேரனும் அன்றுதான் உண்மையில் பிரிந்தார்கள். தக்சினை எதிர்ப்பவர்கள் மஞ்சள், ஆதரிப்பவர்கள் சிவப்பு என்று பழகிய பிரிவினையைவிட, சிவப்புக்கும் மூவ் ஃபார்வர்டின் ஆரஞ்சுக்கும் நடுவில் வந்த இந்தப் பிளவு கசப்பானது. "உங்கள் கட்சியை வைத்து எங்கள் வாக்கைத் திருடினார்கள்" என்று அவன் எழுதினான். 2010 மே மாதத்தில் சிவப்புத் தரப்பினர் கூடியிருந்த பாங்காக்கின் ராஜப்ரசோங்கில் ராணுவம் புகுந்து, அந்தப் போராட்டக் காலத்தில் தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தபோது எங்கள் வாக்கின் கணக்கைக் கேட்க யார் வந்தார்கள் என்று அவர் எழுதினார். இருவரும் பல வாரங்கள் பேசவில்லை. நல்ல வேளையாக அறுவடைக்கு அவன் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வயலில் நிற்கும்போது பேசாமல் இருக்க முடியாது.

அதற்கு நடுவில் நான் செய்தது ஒன்றுதான். இருவரிடமும், சாவடியில் எண்ணியதில் குறை இருந்ததா என்று தனித்தனியாகக் கேட்டேன். இல்லை என்றார்கள். அப்படியானால் சண்டை 2017 சாசனத்தைப் பற்றியது, கூட்டணி பற்றியது. பக்கத்து வீட்டு ஆசிரியை போட்ட கோடுகளைப் பற்றியது அல்ல என்பதில் இருவரும் உடன்பட்டார்கள். 2024 ஆகஸ்ட் 7 அன்று மூவ் ஃபார்வர்டும் கலைக்கப்பட்டபோது, குழுவில் முதலில் வருத்தம் தெரிவித்தவர் கட்சி கலைக்கப்படுவதை ஏற்கெனவே அனுபவித்திருந்த தாத்தாதான்.

சட்டம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது உண்டு. குற்றவியல் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மன்னர், அரசி, பட்டத்து வாரிசு ஆகியோரை அவமதித்தால் ஒவ்வொரு குற்றத்துக்கும் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது. எழுதியவரை மட்டுமல்ல, பகிர்ந்தவரையும் அது பிடிக்கும். கோன் கேன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 2016 டிசம்பரில் பிபிசி தாய்லாந்து மொழிச் சேவையின் கட்டுரையைப் பகிர்ந்ததற்காகவே சிறை சென்றார். கணினிக் குற்றச் சட்டம் இதோடு சேர்ந்துகொள்ளும். என்னைப் போன்ற வெளிநாட்டவர் தேர்தல் பிரசாரத்தில் எந்த வகையிலும் பங்கெடுக்கக் கூடாது. அதனால் அரண்மனையைத் தொடும் எந்தச் செய்தி வந்தாலும் நான் படிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஸ்டிக்கர்கூட அனுப்புவதில்லை. குடும்பக் குழுதானே என்று நினைப்பவர்கள், சண்டையின் உச்சத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் யார் என்பதை யோசிக்க வேண்டும்.

போலிக் கணக்குகளைப் பற்றி மைத்துனர் மகன் ஓயாமல் பேசுவான். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 அக்டோபரில் ட்விட்டர் தாய்லாந்து ராணுவத்தோடு தொடர்புடையவை என்று 926 கணக்குகளை நீக்கியது. 2021 மார்ச்சில் ஃபேஸ்புக்கும் ராணுவத்தோடு தொடர்புடைய 185 கணக்குகள், பக்கங்கள், குழுக்களை நீக்கியதாக அறிவித்தது. ஆனால் அவனுக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்லும் எந்த அறியாத மனிதரையும் கூலிக்கு எழுதுபவர் என்று முத்திரை குத்துவது வேறு. "உன் பெரிய பாட்டியும் அதே வாசகத்தைத்தான் எழுதுகிறார், அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அந்த வாரத்தில் அவருடைய வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தான் என்று பிறகு தெரிந்தது.

2024 ஜூனில் நடந்த மேலவைத் தேர்வில் எங்கள் வழி பலிக்கவில்லை. இருபது தொழில் பிரிவுகளில் 2,500 பாட் கட்டிய விண்ணப்பதாரர்களே தங்களுக்குள் மாவட்டம், மாகாணம், நாடு என்று மூன்று படிகளில் வாக்களித்து 200 பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. பொதுமக்களுக்கு வாக்கே இல்லை. கூட்டுச் சேர்ந்து வாக்களித்தார்கள் என்ற புகார் உடனே எழுந்தது. இதைச் சோதிக்க எந்தச் சாவடிக்குப் போய் எந்தப் பலகையைப் பார்ப்பது என்று மாமனார் என்னிடமே கேட்டார். எண்ணியது சரியாகவே இருக்கலாம், கேள்வி அங்கே இல்லை என்றேன். பெரியம்மா அதைக் கேட்டுவிட்டு, இத்தனை வருடமாகக் கிராமத்து வாக்கைப் பற்றித் தான் சொல்லிவந்ததும் இதே வகைக் குற்றச்சாட்டுதானே என்றார். அவருக்கு உடனே மறுப்பு எழுத மூன்று பேர் குழுவில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள்.